பதினேழாம் எண் ஆடாதோடை

2017 ஜூன் 12, திங்கட்கிழமை, காலை பத்து இருபதுக்கு, சாத்தங்குறிச்சிக் கல்லூரியின் மூலிகைத் தோட்டத்தில் வரிசைக்குப் பத்தாக நின்ற நாற்பது ஆடாதோடைச் செடிகளில் பதினேழாவது செடி இருமியது. தாவரவியல் பேராசிரியை செல்லக்கனி அப்போது பதினாறாவது செடியின் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வரை வந்திருந்தவள், இருபத்துநான்கையும் எண்ணி, நோட்டில் எழுதி, பேனாவை மூடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

செடி மறுபடி இருமியது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் சரியாக மூடாத ஜன்னலில் காற்று நுழைவதுபோல ஒரு சீழ்க்கை. அது யாருடைய இருமல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய அக்கா அன்னக்கிளி, பால்வண்ணம் முதலாளியின் வத்தல் கிட்டங்கியில், அதாவது மிளகாய்க் கிடங்கில், சாக்குத் தாட்டு விரித்து உட்கார்ந்து முப்பத்தோரு வருடமாக மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த இருமல் அது. அந்த இருமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் செல்லக்கனி பள்ளிக்கூடப் பாடம் படித்தாள். அதன் இடைவெளிகளில்தான் இங்கிலீஷ் இலக்கணம் அவள் மண்டையில் ஏறியது.

"சங்கையாண்ணே, கேட்டீங்களா?" என்றாள்.

தோட்டக்காரர் சங்கையா வாளியைக் கீழே வைக்காமலே, "கேட்டேன் தாயி. நம்ம அன்னக்கிளி மாதிரியே இருமுது," என்றார். "வெறும் பச்சைத்தண்ணிய ஊத்த வேண்டாம்போல. காயவச்சு ஆறவச்சு ஊத்துவோம்."

சாத்தங்குறிச்சியில் இருமலைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரிசல் காட்டு நடுவில் பதினெட்டு வத்தல் கிட்டங்கிகளும் ஆறு பொடி மில்லுகளும் உள்ள அந்த ஊருக்குள் பஸ் நுழையும்போது கண்டக்டர் ஊர்ப்பேரைச் சொல்வது கிடையாது; பஸ்ஸில் நாலு பேர் சேர்ந்து தும்மினால் இறங்க வேண்டியவர்கள் எழுந்துகொள்வார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது கெட்டிமேளத்தோடு சேர்ந்து இருமலும் எழும். ஆனாலும் ஆண்களின் இருமல் தூசி இருமல், ஒரு டீயில் போய்விடும். கிட்டங்கிப் பெண்களின் இருமல் அடியில் தங்கிவிட்ட இருமல், அது போவதில்லை, அது இருக்கிற ஆளைத்தான் கொண்டுபோகும்.

அந்த இருமலுக்காகத்தான் செல்லக்கனி மூன்று வருடம் மனுப்போட்டு இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கியிருந்தாள். ஆடாதோடை என்றால் ஆடு தொடாத இலை. கண்டதையும் மேயும் ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகிற அளவுக்கு அதில் கசப்பு. அந்தக் கசப்புதான் மார்ச்சளியைக் கரைக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் பழமொழியை எந்த மருத்துவப் பத்திரிகையும் அச்சிடாது. எனவே காம்பு கிள்ளும் பெண்கள் நாற்பது பேர், அவர்களுக்கு நாற்பது செடிகள், ஆளுக்கு ஒரு செடி, ஆளுக்கு ஒரு எண். இலைக்கு இலை கசப்பு மாறும் என்பதால் ஒருவருக்கு எப்போதும் ஒரே செடியின் இலைதான். அந்த நாற்பதில் இருபது பேருக்கு உண்மையான கஷாயம், மீதி இருபது பேருக்குப் பார்வைக்கும் நாக்குக்கும் அதேபோலிருக்கும் பொய்க் கஷாயம். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, செல்லக்கனிக்கும் தெரியக்கூடாது.

பொய்க் கஷாயம்தான் பெரிய பாடாகிவிட்டது. கசப்பாகவும் இருந்து மருந்தாகவும் இல்லாத ஒரு பொருளைத் தமிழ்நாட்டில் தேடிக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. பாகல், வேம்பு, நிலவேம்பு, சுண்டைவற்றல் என்று எதை எடுத்தாலும் அது எதற்காவது மருந்தாக இருந்தது. கடைசியில் தீய்ந்த சர்க்கரையும் ஏதோ தொழிற்சாலைக் கசப்புப் பொடியும் கலந்து ஒப்பேற்றினார்கள். கஷாயம் காய்ச்சுகிற மருந்தாளுநர் ஜெய்லானி ஒருவருக்கு மட்டுமே எந்த எண்ணுக்கு எது என்று தெரியும். டீக்கடையில் வாய் தவறிவிடுமோ என்று பயந்து அவர் டீ குடிப்பதையே விட்டிருந்தார்.

சங்கையாவுக்குக்கூடத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் நாற்பது செடியிலும் ஒரே கணக்காக இலை பறிப்பார். இருபது செடிகளின் இலை ஜெய்லானியின் பாத்திரத்துக்கும் இருபது செடிகளின் இலை அவருடைய எருக்குழிக்கும் போகும். பறிக்கும் முன் ஒவ்வொரு செடியிடமும், "கோவிச்சுக்கிடாத தாயி, ஒரு நல்ல காரியத்துக்குத்தான்," என்று அனுமதி கேட்பார். வேரில் இரும்பு படவிடமாட்டார். இதனால் ஆராய்ச்சிக்குக் கெடுதல் இல்லை, நாற்பதுக்கும் ஒரே மாதிரி செய்தால் சரி என்று செல்லக்கனி அதையும் செயல்முறைக் குறிப்பில் பதினோராவது வரியாகச் சேர்த்திருந்தாள்.

ஆட்களைத் தேர்ந்தெடுத்தது அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரெஜினா. பட்டியலில் பதினேழாவதாக அக்காவின் பெயரைப் பார்த்ததும், ரத்த உறவு இருக்கக்கூடாது என்று செல்லக்கனி நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். "இந்த ஊரில் ஒருவருக்கொருவர் உறவில்லாத நாற்பது பேர் எங்கே கிடைப்பார்கள்?" என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

ஜூன் மாதம் முடிவதற்குள் இருபது செடிகள் இருமின. மூன்றாவது செடி வறட்டு இருமல், ஒன்பதாவது செடி காறிக் காறி இருமல், இருபத்தாறாவது செடி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். செடிக்கு முந்தானை ஏது என்று யாரும் கேட்கவில்லை, இருபத்தாறாம் எண்காரி பேச்சியம்மா அப்படித்தான் இருமுவாள். செடி இருமத் தொடங்கிய நாளிலிருந்து அந்த எண்ணுக்குரியவளின் இருமல் குறைந்துகொண்டே வந்தது, பதினைந்தாம் நாள் நின்றது. மற்ற இருபது செடிகள் வாய்திறக்காமல் நின்றன, அவற்றின் ஆட்கள் கிட்டங்கியில் வழக்கம்போல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் கை எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கல்லூரி வேலியோரம் வந்து நின்று தங்கள் எண்ணுக்குக் காதுகொடுத்தார்கள். பரீட்சை முடிவு பார்ப்பதுபோல இருந்தது அது. வேலிக்கு வெளியே ஒருவர் சுக்குக்காப்பி வண்டி போட்டார். 'சௌக்கியமா?' என்று கேட்பது போய், 'செடி எப்படி இருக்கு?' என்று கேட்பது வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் அம்மாவுக்குச் செடி இருக்கிறதா என்று தனியாக விசாரித்தார்கள். கல்லூரித் தமிழாசிரியர் ஒரு மாலை நேரம் நின்று கேட்டுவிட்டு, பதினேழாம் செடி இருமுவது குறில், குறில், நெடில், அதாவது நிரைநேர், வாய்பாடு புளிமா என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் யாரோ அந்தச் செடியடியில் இரண்டு புளி மாங்காய் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "புளிப்பு இருமலுக்கு ஆகாதுன்னு தெரியாதா இவங்களுக்கு?" என்று சங்கையா அதைத் தூக்கி எறிந்தார்.

எல்லோரும் சமாதானமாகப் போய்விடவில்லை. பதினெட்டாம் எண்காரி தங்கப்புஷ்பம் அன்னக்கிளிக்குப் பக்கத்துத் தாட்டில் உட்காருபவள், இருபத்தைந்து வருடச் சிநேகிதி. பதினெட்டாம் செடி ஒரு கனைப்புக்கூடக் கனைக்கவில்லை. பத்து நாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, அவள் நேரே ஆய்வகத்துக்கு வந்து கஷாயப் பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"ஏம்மா கனி, எனக்குத் தீஞ்ச சீனித்தண்ணிதான?"

"எனக்கே தெரியாது மதினி."

"ஊருக்கே தெரியுது, ஒனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில எங்கிட்ட மொச்சப்பயறு வாங்கித் தின்னவதான நீ? எம் முகத்தப் பாத்துச் சொல்லு."

உண்மையிலேயே அதிகாரபூர்வமாகத் தெரியாது என்பதை எப்படிச் சொன்னாலும் அது பொய்போலத்தான் ஒலித்தது. அன்றே செல்லக்கனி சென்னையிலுள்ள நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: செடிகள் இருமுகின்றன, அதனால் மறைவு கலைந்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் 'எதிர்பாராத விளைவு' என்ற கட்டத்தில் 'இருமல்' என்றும் 'பாதிக்கப்பட்டவரின் வயது' என்ற கட்டத்தில் 'இரண்டரை' என்றும் நிரப்பி அனுப்பினாள். பிறகு டாக்டர் சடகோபன் என்ற பார்வையாளர் வந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தண்டில் வைத்துக் கேட்டு, இருபது நிமிடம் கழித்து நிழலுக்கு வந்தார்.

"சத்தம் நிஜம்தாம்மா. வலது பக்கத்துக் கிளையில கொஞ்சம் சளியும் இருக்கு. ஆனா யாருக்கு எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. உங்க மருந்து வேலை செய்யுது; வேலை செய்யுதுன்னு இனிமே நிரூபிக்க முடியாது. செடி வாயைத் திறக்காம இருந்திருக்கணும்."

"அடுத்து என்ன சார் செய்றது?"

"அறிக்கை எழுதி முடிச்சுடுங்க," என்றார் அவர். கிளம்பும்போது தும்மினார்.

முடித்துவிடச் சொன்ன பிறகு மறைக்க ஒன்றுமில்லை. ஜெய்லானி மூன்று மாதத்துக்குப் பின் முதல் தடவையாக டீக்கடையில் உட்கார்ந்து, நிதானமாக இரண்டு டீ குடித்துவிட்டு, மறுநாள் முதல் நாற்பது பேருக்கும் நிஜக் கஷாயமே காய்ச்சினார். ஆகஸ்டு பாதியில் நாற்பது செடிகளும் இருமின. தங்கப்புஷ்பத்தின் செடி சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. காத்திருந்து வாங்கிய இருமலல்லவா என்றார் சங்கையா.

இதை வேறு விதமாகக் கணக்குப் போட்டவர் கிட்டங்கி முதலாளி பால்வண்ணம். இருமாத பெண் தூசிக்கு அஞ்சமாட்டாள். நாற்பது பேரில் பதினாறு பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அவருடைய பொடி மில்லில் அரைத்த மிளகாய் கொட்டுகிற வாயில் யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள். மேஸ்திரி காலையில் வாசலில் நின்று, "செடி இருக்கிறவுகள்லாம் மில்லுப் பக்கம் வாங்க, செடி இல்லாதவுக இங்கிட்டு இருங்க," என்று பிரித்தார். பெண்களும் போனார்கள். நெஞ்சு லேசாக இருந்தது, மூச்சு எங்கே போய் முடிகிறது என்று தெரியாத அளவுக்கு ஆழமாகப் போனது, அப்படி மூச்சு விட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவர்கள் மில்லில் நின்ற நாட்களில் இங்கே தோட்டத்தில் செடிகள் மூச்சு வாங்க நேரமில்லாமல் இருமின.

செல்லக்கனி வாரா வாரம் இலையில் கசப்பை அளந்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதென்றாலும் அளப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் இலையின் கசப்பு ஒரு நூலளவு குறைந்தது. முதலில் நூற்றில் ஒன்றரைப் பங்கு இருந்த பதினேழாம் செடியின் கசப்பு செப்டம்பரில் பாதிக்குக் கீழே போயிருந்தது. இலை ஓரம் மஞ்சளாகிச் சுருண்டது.

"கசப்பு பூராத் தீந்துபோச்சுன்னா என்ன ஆகும்ணே?"

"ஆடு திங்கும்," என்றார் சங்கையா.

"அதக் கேக்கல. இருமல் எங்க போகும்?"

சங்கையா தண்ணீர் ஊற்றி முடித்து, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து யோசித்தார். "எங்கிருந்து வந்துச்சோ அங்கதான போகணும் தாயி."

அன்று முதல் செல்லக்கனி அளவு நோட்டைத் திறக்கும்போதெல்லாம் பதினேழாம் செடியின் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். அக்காவின் எக்ஸ்ரேயை அவள் பார்த்திருக்கிறாள். கஷாயத்துக்கு முன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் ரெஜினா சொன்னதும் நினைவிருக்கிறது: இந்த நெஞ்சு பழையபடி இருமத் தொடங்கினால் இன்னொரு ஐப்பசியைத் தாங்காது.

அன்னக்கிளி மட்டும் இத்தனை மாதமும் தோட்டத்துக்கு வந்ததில்லை. சத்தம் நின்றுபோன நெஞ்சோடு அவள் காலையில் வேலைக்குப் போய், மாலையில் வந்து, ராகம் இல்லாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சோறாக்கினாள். செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கப்புஷ்பம்தான் பிடித்து இழுத்து வந்தாள். "ஒஞ்செடியப் பாக்கவே மாட்டேங்கிறியே, கல்நெஞ்சுக்காரி."

வேலிக்கு வெளியே நிற்கும்போதே அன்னக்கிளிக்குக் கேட்டுவிட்டது. உள்ளே வந்து செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். செடி இருமியது, அடங்கியது, மறுபடி இருமியது, தண்டு வளைந்து இலையெல்லாம் நடுங்க அடியிலிருந்து எடுத்து இருமியது.

"இப்படியாடி இருமுனேன் நானு?"

"ஆமாக்கா."

"எம்புட்டு நாளா?"

"முப்பது வருசமா."

"நீ சொல்லவே இல்லையே."

"ஒனக்குத் தெரியாதாக்கா?"

"இருமுறவளுக்கு எப்படிடி தெரியும்? இருமும்போது காது அடச்சிக்கிடும். நான் என்னமோ சும்மா கனைக்கிறேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்." அவள் மஞ்சளான ஓர் இலையை நீவிவிட்டாள். வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளி நகம் தேய்ந்த விரல். "எனக்கு வந்ததை இது தலையில கட்டிட்டு நான் மில்லு வாயில போயி நின்னுருக்கேன் பாரு. இனிமே எனக்குக் கசாயம் வேண்டாம்."

"ஒளறாதக்கா. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருக்க. நல்லது கெட்டது எல்லாம் தெரிஞ்சுதான் போட்டேன்னு அதுல இருக்கு."

"எனக்கு வர்ற நல்லது கெட்டதுன்னுதான இருந்துச்சு? எனக்காகப் போட்டேன். செடிக்காகவா போட்டேன்?"

சங்கையா அனுமதி கேட்பாரே என்று சொல்ல வாயெடுத்தாள் செல்லக்கனி. கேட்பார்தான், பதில் வரும்வரை நின்றதில்லை.

அன்னக்கிளி சொன்னபடியே நிறுத்தினாள். நான்காம் நாள் செடி அமைதியானது, கிட்டங்கியில் இருமல் கேட்டது. ஒன்பதாம் நாள் அவள் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தாள். புதிய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் ரெஜினா பழைய படத்தை எடுத்து அதன்மேல் பொருத்திக் காட்டினார்; இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

செல்லக்கனி கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்கா மட்டும்தான். ஒரு செடிக்காக அக்காவைக் கொடுக்க அவள் தயாராக இல்லை, இதை எந்தக் குழு கேட்டாலும் எழுதிக்கொடுப்பாள். மூன்றாம் நாள் கஷாயத்தை டம்ளரில் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்து, "குடிக்கலேன்னா நானும் நாளைக்குக் கிட்டங்கிக்கு வாரேன், ஒம்பக்கத்துல உக்காந்து காம்பு கிள்ளுறேன்," என்றாள்.

அன்னக்கிளி இருமி முடித்து நிமிர நேரமானது. "நீ வர வேண்டாம்," என்றாள். "அவ வரட்டும்."

"எவ?"

"பதினேழு. நான் குடிக்கிறேன். ஆனா அவ அங்க வேலிக்குள்ள தனியாக் கெடந்து இருமக்கூடாது. எம்பக்கத்துல இருக்கட்டும். நான் இழுக்கிற தூசி எங்க போகுதுன்னு நான் பாத்துக்கிட்டே இழுக்கணும்."

செடியைப் பெயர்த்தால் ஆராய்ச்சியில் மிச்சமிருந்த அளவு நோட்டும் முடிந்தது. செல்லக்கனி அதை ஒரு நிமிடம்தான் நினைத்தாள். இரும்பு படக்கூடாதென்று சங்கையா செதுக்கிக் கொடுத்த வேப்பங்குச்சியால் அவளே மண்ணைத் தோண்டினாள். தோண்டுமுன், "கோவிச்சுக்கிடாத தாயி," என்றாள். சொல்லிவிட்டு, சங்கையா பார்த்துக்கொண்டிருக்க, மண்டிபோட்டபடியே காத்திருந்தாள். செடி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இருமவும் இல்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அன்னக்கிளி கஷாயத்தைக் குடித்துவிட்டு, பதினேழாம் எண் செடியை எண்ணெய் டின்னில் வைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள். தாட்டுக்குப் பக்கத்தில் டின்னை வைத்து, தண்ணீர் தெளித்து, வேலையைத் தொடங்கினாள். செடி இருமியது. தங்கப்புஷ்பம் மறுநாள் தன் செடியைக் கொண்டுவந்தாள். ஒரு வாரத்தில் பால்வண்ணம் கிட்டங்கியில் பதினாறு டின், மற்ற கிட்டங்கிகளில் இருபத்துநான்கு டின். மேஸ்திரி மில்லுப் பக்கம் கூப்பிட்டால் டின்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே மில் ஓடுகிற சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது.

முன்பெல்லாம் பெண்கள் இருமினால் பால்வண்ணம் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைப்பார். இப்போதும் கூட்டினார். ஆனால் கொல்லத்திலிருந்து சரக்கெடுக்க வந்த மசாலா கம்பெனிக்காரர் முதலில் ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.

"செடிக்குச் சுமா உண்டல்லோ!" என்றார், கண்ணை அகல விரித்து.

"சுமையா? மூடைக்கு நாப்பது கிலோங்க, கூடக் கொறைய இருக்காது," என்றார் பால்வண்ணம்.

மலையாளத்தில் இருமலுக்கு அதுதான் வார்த்தை என்று பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் கம்பெனிக்காரர் டின் டின்னாகக் குனிந்து பார்த்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, செடியே இப்படி இருமினால் இந்தப் பொடியைத் தின்கிறவன் கதி என்ன என்று கேட்டுவிட்டு, லாரியைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போயிருந்தார். அந்த மாதம் இன்னும் ஐந்து லாரிகள் காலியாகப் போயின. சரக்கெடுக்க வந்த ஒவ்வொருவரும் பெண்களைத் தாண்டி நடந்து வந்து, செடிகளின் முன்னால் நின்று, அய்யோ பாவம் என்றார்.

பத்தொன்பது நாளில் பால்வண்ணம் கிட்டங்கியின் கூரையில் நான்கு இடத்தில் தகரத்தை வெட்டித் தூசி இழுக்கும் காற்றாடிகளைப் பொருத்தினார்கள். மில் வாய்க்குத் துணிக்கூண்டு கட்டினார்கள். தரையில் தண்ணீர் தெளிக்க இரண்டு ஆள் போட்டார்கள். முப்பது வருடத்தில் மூன்று தடவை இதே காற்றாடிக்காகப் பெண்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனு பால்வண்ணத்தின் மேசை டிராயரில் இருந்தது. காற்றாடி சுற்றத் தொடங்கியதும் அவர் டின்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"செடிக்கு ஆகாதுல்லம்மா இவ்வளவு தூசி. வாயில்லா ஜீவன்."

"ஆமா மொதலாளி," என்றாள் தங்கப்புஷ்பம், கிள்ளுவதை நிறுத்தாமல். "எங்களுக்குத்தான் வாய் இருக்குல்ல."

தாட்டு தாட்டாகச் சிரிப்பு ஓடியது. என்ன ஆச்சரியமென்றால் அவ்வளவு பேர் சிரித்தும் அதில் ஒருத்திக்குக்கூடச் சிரிப்பு இருமலாகவில்லை.

அந்த ஐப்பசி மழையோடு வந்து மழையோடு போனது. அன்னக்கிளி கஷாயத்தைக் குடித்தாள், செடி இருமியது. ஆனால் மணிக்கு நாற்பது தடவை இருமியது பத்தாகி, பிறகு நாலாகியது. கசப்பு குறைவது மட்டும் நிற்கவில்லை, மெதுவானது. செல்லக்கனி சனிக்கிழமைதோறும் கிட்டங்கிக்கே வந்து, பதினேழாம் செடியில் ஓர் இலை கிள்ளிக்கொண்டு போய் அளந்தாள். அறிக்கையையும் எழுதினாள். ஆடாதோடைக் கஷாயம் இருமலைப் போக்கும், தூசியைப் போக்காது என்பது அதன் கடைசி வரி. பொய்க் கஷாயக் குழுவின் செடிகள் இருமாததற்குக் கூச்ச சுபாவம் காரணமாக இருக்கலாமா என்று ஒரு குறிப்போடு பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியது.

அடுத்த ஐப்பசியும் போனது. மார்கழி முதல் வாரத்தில் பதினேழாம் செடி ஒரு நாள் முழுக்க இருமவில்லை. தை பிறந்தபோது அதன் கசப்பு அளவியின் கடைசிக் கோட்டில் இருந்தது. அதற்குக் கீழே கோடு இல்லை. "இனி ஆடுதான் அளக்கணும்," என்றார் சங்கையா. கஷாயம் இனிமேல் வெறும் பச்சிலைத் தண்ணீர்தான் என்று செல்லக்கனி அக்காவிடம் சொன்னாள். தெரியும், போன மாதமே இனித்துவிட்டது, பாவம் பறிக்க வேண்டாமென்று நான்தான் நிறுத்திவிட்டேன் என்றாள் அன்னக்கிளி. போன மாதம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக் கணக்கிட்டுவிட்டு, செல்லக்கனி அன்று கல்லூரிக்குப் போகாமல் கிட்டங்கி வாசலில் மூடைமேல் உட்கார்ந்து, அக்கா இருமுகிறாளா என்று மாலைவரை காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள், "போடி, பிள்ளைக வகுப்புல காத்துக்கிட்டிருக்கும்," என்று அக்கா விரட்டினாள்.

2019 பிப்ரவரி 4, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கும் பத்து இருபதுக்கும் இடையில், வெயில் படட்டுமென்று கிட்டங்கி வாசலில் எடுத்துவைத்திருந்த பதினேழாம் எண் ஆடாதோடையை ஒரு வெள்ளாடு தண்டுவரை தின்றது. அன்னக்கிளி அன்று மாலை ஐந்தரை வரை இருபத்தாறு கிலோ வத்தலுக்குக் காம்பு கிள்ளினாள். அவள் இருமவில்லை. ஆடும் இருமவில்லை.